கலைந்த எழுத்துகளிலிருந்து சொல் எடுப்பது எப்படி? தமிழ் எழுத்துக் கட்டை விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பையிலிருந்து எழுத்துக் கட்டைகளை எடுத்துப் பலகையில் சொல் கோக்கும் விளையாட்டைத் தமிழில் ஆட உட்காருபவர்களில் பலர் சில ஆட்டங்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். 'எனக்குச் சொல்வளம் போதவில்லை' என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. எந்த எழுத்து எங்கே நிற்கும், எதன் பக்கத்தில் நிற்காது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் வைத்துப் பார்ப்பதால்தான் மூளை களைத்துப்போகிறது.

ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையையும் புரட்டிப் பார்க்க யாராலும் முடியாது. பள்ளியில் தேர்வுக்காகப் படித்து மறந்த மொழிமுதல் (சொல்லின் தொடக்கத்தில் வரும் எழுத்துகள்), மொழியிறுதி (கடைசியில் வரும் எழுத்துகள்), மெய்ம்மயக்கம் (எந்த மெய்யை அடுத்து எது வரும் என்பது) ஆகிய மூன்று இலக்கணப் பகுதிகள் அந்தக் கூட்டத்தைக் கைக்கு அடங்கும் அளவுக்குக் குறைத்துவிடும். இதை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நான் கட்டைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த மாலைகள் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது அது மிச்சமாகட்டும்.

1. கையில் இருப்பது எந்த வகைக் கட்டை என்று பாருங்கள்

ஒன்று, முழு எழுத்துக் கட்டை. 'கு', 'தி', 'ம்' என ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டை. 'படம்' என்ற சொல்லுக்கு மூன்று கட்டைகள் போதும்.

மற்றொன்று, பிரித்த கட்டை. உயிர் தனி, மெய் தனி. 'படம்' என்று வைக்க ப், அ, ட், அ, ம் என ஐந்து கட்டைகள் வேண்டும்.

முழு எழுத்து வகையில் 247 எழுத்துகளில் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்ற தலைவலி உண்டு. பிரித்த வகையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 வகைகளில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் புதியவர் கண்ணுக்கு 'ப், அ, ட், அ' என்பது 'பட' என்று சட்டென்று தெரியாது. அதனால் முழு எழுத்தில் தொடங்கி, கை பழகியபின் பிரித்த வகைக்குப் போவதே நல்லது.

கொம்பு, கால் என்று எழுத்தின் வடிவத்தையே வெட்டி வைத்திருக்கும் கட்டைகளும் உண்டு. அவற்றை வாங்காதீர்கள். 'கொ' வைக்க மெய்க்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று கட்டை போட வேண்டியிருக்கும்; மேலிருந்து கீழாகப் படிக்கும்போது குழப்பம்தான் மிஞ்சும். 'கு', 'கூ' போன்றவற்றை அப்படி வெட்டவும் முடியாது.

2. அகராதியையும் விதியையும் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவையுங்கள்

இந்த விளையாட்டில் சண்டை வருவது புள்ளியால் அல்ல, 'இது சொல்லா?' என்ற கேள்வியால். ஆகவே ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

முதலில், எந்த அகராதி? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992, விரிவாக்கிய பதிப்புகள் 2008, 2020) இன்று எழுத்தில் வழங்கும் சொற்களைத் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம்) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தொகுப்பில் இதைச் செலவில்லாமல் தேடலாம். புதியவர்கள் கூடும் ஆட்டத்துக்கு க்ரியாதான் பொருந்தும் என்பது என் எண்ணம். லெக்சிகனை நடுவராக வைத்தால் ஆடுபவர்களில் யாருமே கேட்டிராத நிகண்டுச் சொல் ஒன்று வந்து ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நன்றாகப் பழகியவர்களுக்கு அதுவே சுவை.

லெக்சிகனில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வினைச்சொல் அங்கே 'திரும்பு-தல்', 'படி-த்தல்' என்று தொழிற்பெயர் வடிவில் இருக்கும். க்ரியாவில் 'திரும்பு', 'படி' என்று வேர்வடிவிலேயே இருக்கும். இது தெரியாமல் 'அகராதியில் இல்லை' என்று நல்ல சொற்களைத் தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்தது, ஒட்டு. தமிழ்ச் சொல்லின் வாலில் எதையும் ஒட்டலாம். 'படகு' சொல், 'படகும்', 'படகை', 'படகில்', 'படகுகள்' எல்லாம் வழக்கில் உள்ளவை. இவற்றை அனுமதித்தால் விளையாட்டு ஒட்டுப் போடும் போட்டியாகிவிடும். வேற்றுமை உருபு, 'கள்', உம்மை, ஏகாரம், ஓகாரம் எதுவும் கூடாது, அகராதியில் தலைச்சொல்லாக இருந்தால் மட்டுமே செல்லும் என்று எழுதிவிடுங்கள். 'திரும்ப' போன்ற எச்ச வடிவங்களுக்கும் இதே விதிதான்.

ஜ, ஷ, ஸ, ஹ உண்டா, ஆட்பெயர் ஊர்ப்பெயர் உண்டா என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

3. கட்டைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கட்டை கைக்கு வந்ததும் சொல் தேடாதீர்கள். முதலில் பிரியுங்கள்.

தொடங்குபவை: எல்லா உயிரும், க, ச, த, ந, ப, ம வரிசைகள் முழுக்க. வ வரிசையில் வு, வூ, வொ, வோ தொடங்கா. ய வரிசையில் நடைமுறையில் 'யா'தான் கைகொடுக்கும் (யானை, யாழ், யார்). யு, யூ, யோ சில வடசொற்களுக்கு உதவும். ஞ வரிசையில் பெரும்பாலும் 'ஞா' (ஞாயிறு, ஞாலம்).

தொடங்காதவை: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இவற்றில் ட, ர, ல மூன்றும் டிக்கெட், ரயில், லாரி போன்ற கடன்சொற்களில் முதலில் வரும். மற்ற ஐந்தையும் முதலிடத்தில் வைத்துப் பார்ப்பது நேரத்தைக் கொல்வது. இலங்கைத் தமிழர்களோடு ஆடும்போது மட்டும் கவனம் தேவை: றப்பர், றோட்டு என்று எழுதும் வழக்கம் அங்கே உண்டு. விதித்தாளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிப்பவை: மெய்யில் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகிய எட்டும். க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்கா, ங் நிற்காது. ஞ், ந், வ் ஆகியவை உரிஞ், வெரிந், தெவ் போன்ற அரிய பழஞ்சொற்களில் மட்டும் நிற்கும். உயிரொலியில் உகரமும் இகரமும் ஐகாரமும்தான் அடிக்கடி சொல்லை முடிக்கின்றன. பெயர்ச்சொல் அகரத்தில் முடிவது அரிது. 'ட', 'ப', 'ர' போன்ற கட்டைகள் கையில் இருந்தால் அவற்றுக்குப் பின்னால் இன்னோர் எழுத்து தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'வு' கட்டை வந்தால் கலங்க வேண்டாம். அது தொடங்காது என்பதாலேயே அதன் இடம் தெளிவாகிவிடுகிறது: உணவு, கனவு, இரவு, செலவு, வரவு, உறவு.

4. புள்ளி வைத்த எழுத்துக்குத் துணை தேடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் கற்றுக்கொண்டாலும் உங்கள் ஆட்டம் மாறிவிடும். சொல்லின் நடுவில் மெய் தனியாக நிற்காது. அடுத்து வரும் எழுத்தைக் கையோடு பிடித்துக்கொண்டிருக்கும். யார் யாரைப் பிடிப்பார்கள் என்பது வரையறுக்கப்பட்டது.

க், ச், த், ப்: தன் வரிசையை மட்டுமே பிடிக்கும். க் இருந்தால் அடுத்து க, கா, கு, கை எதுவாவது ஒன்று வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டை இந்தச் சுற்றுக்குப் பயன்படாது.

ட், ற்: தன் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் பிடிக்கும். வெட்கம், கட்சி, நட்பு. ஏற்கனவே, பயிற்சி, கற்பு.

ங்: நடைமுறையில் க வரிசை மட்டும் (அங்ஙனம் போன்றவை அரிது). ங் கையில் இருந்து க வரிசை எதுவும் இல்லையென்றால் முதல் வாய்ப்பிலேயே மாற்றிவிடுங்கள்.

ஞ்: ச வரிசை, விஞ்ஞானம் போல ஞ வரிசை.

ந்: த வரிசை; அந்நியம், செந்நீர் போல ந வரிசை.

ண்: ட, ண வரிசைகள், பண்பு, வெண்மை போல மற்றும் சில.

ம்: ப, ம வரிசைகள்.

ன்: ற, ன வரிசைகள், அன்பு, நன்மை போல மற்றும் சில.

ல், ள்: தத்தம் வரிசையோடு க, ச, ப, வ. இயல்பு, கல்வி, தோல்வி. கொள்கை, கேள்வி, வேள்வி. 'வி' கையில் இருந்தால் ல், ள் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

ய், ர், ழ்: கூட்டாளிகள் பலர். இவை மூன்றுக்கு மட்டும் இன்னொரு சலுகை உண்டு. பின்னால் இரட்டித்த வல்லினம் வரலாம்: வாழ்க்கை, மகிழ்ச்சி, வளர்ச்சி, பார்ப்பு, வாய்ப்பு. ற், ட் இரண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று எழுதிப் பழகியவர்கள் தேவையில்லாமல் ஒரு ச் கட்டைக்காகக் காத்திருக்கிறார்கள். முயற்சி, பயிற்சி, கட்சி, ஆட்சி, காட்சி எதிலும் ச் இல்லை.

ர், ழ் பற்றி இன்னும் ஒன்று. தமிழ்ச் சொற்களில் இவை ஒரே ஒரு குறிலுக்குப் பின்னால் ஒற்றாக நிற்கா. முன்னால் நெடில் வேண்டும் (ஊர், நீர், தேர், யாழ்), அல்லது இரண்டு குறில் வேண்டும் (மலர், சுவர், தமிழ், புகழ், இதழ்). கர்வம், தர்மம் எல்லாம் வடசொற்கள்.

ஆய்தக் கட்டை வந்தால் முன்னால் ஒரு குறிலும் பின்னால் ஒரு வல்லின உயிர்மெய்யும் வேண்டும்: எஃகு, அஃது, இஃது.

இதிலேயே பெரும்பாலோர் விழும் பள்ளமும் இருக்கிறது. காதால் தேடுகிறார்கள். ந, ன, ண மூன்றும் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கலாம். பலகையில் ந் த-வைப் பிடிக்கும், ண் ட-வைப் பிடிக்கும், ன் ற-வைப் பிடிக்கும். பந்து, வண்டு, கன்று. குளம், குலம், பறவை, பரவை, பணி, பனி: ஒரு கட்டை மாறினால் வேறு சொல், அல்லது சொல்லே இல்லை. சந்தேகமான சொல்லை வைப்பதற்கு முன் மனத்தில் எழுதிப் பாருங்கள்.

5. கு, சு, டு, து, பு, று கிடைத்தால் கடைசியில் நிறுத்துங்கள்

இந்த ஆறும் முடிக்கும் எழுத்துகளில் தலைசிறந்தவை. முன்னால் அதே வல்லினம் வரலாம்: நாக்கு, பேச்சு, பாட்டு, பத்து, உப்பு, காற்று. இன மெல்லினமும் வரலாம்: சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று. இந்தப் பன்னிரண்டு சொற்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். நாளடைவில் சீட்டு தேவைப்படாது.

அதேபோல 'மை' (நன்மை, தீமை, எளிமை), 'கை' (வருகை, செய்கை, கொள்கை) இரண்டும் வால் எழுத்துகள். அவசரப்பட்டு முதல் எழுத்தாகச் செலவழிக்காதீர்கள்.

6. இப்போது உண்மையான கையில் செய்து பாருங்கள்

முழு எழுத்து வகை. வந்த கட்டைகள்: ம், ப, ட, கு, ரு, தி, ல்.

தொடங்கக்கூடியவை ப, கு, தி மூன்றுதான். முடிக்கக்கூடியவை ம், ல், கு, ரு, தி. நடுவில்தான் நிற்க முடியும் என்பது ட. இப்படிப் பிரித்த உடனேயே ட-வை நடுவில் நிறுத்தி இருபுறமும் மாற்றுங்கள்: படம், படல், படகு, குடம், குடல், திடம், திடல். ஏழு சொற்கள். ரு-வை நடுவில் நிறுத்துங்கள்: குருதி, திருகு. கு-வை நடுவில் வைத்தால் பகுதி. இனி ஒற்று. ம் பிடிப்பது ப-வை. 'ம்ப' என்று சேர்த்து ஒரே கட்டையாக நினைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பாருங்கள்: கும்பல். நான்கு கட்டை போய்விட்டது. உங்கள் விதித்தாள் இடம் தந்தால் 'திரும்ப'வும் உண்டு.

பிரித்த வகை. வந்த கட்டைகள்: ம், ட், க், ப், அ, அ, உ.

இங்கே முதலில் உயிரை எண்ணுங்கள். உயிர் மூன்று, மெய் நான்கு. எல்லாக் கட்டையும் போகவேண்டுமென்றால், சொல் மெய்யில் தொடங்கும்போது மூன்று மெய் உயிர்மெய்யாகி ஒரு மெய் புள்ளியோடு நிற்கும். புள்ளியோடு நிற்க ஏற்றது ம். அது ப-வைப் பிடிக்கும். மிச்சம் க், ட். ட தொடங்காது, ஆகவே க முதலில், ட அடுத்து, பிறகு 'ம்ப'. உகரம் கடைசியில் நிற்க விரும்பும். கடம்பு. ஏழு கட்டைகளும் தீர்ந்தன. கடம்ப மரத்தை ஒருபோதும் நினைக்காதவர்கூட இந்த வழியில் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்துவிடுவார். அது அமையாவிட்டாலும் படகு, பகடு ஆறு கட்டைகளையும், குடம், கம்பு ஐந்து கட்டைகளையும் தீர்க்கும். 'படகும்' என்று வைத்தால் ஏழும் தீரும்தான். அதனால்தான் உம்மையைப் பற்றி முன்பே எழுதிவைக்கச் சொன்னேன்.

7. ஓரெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்யுங்கள்

நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகளை 42 என்று கணக்கிடுகிறது. பிரித்த கட்டை ஆட்டத்தில் இவைதான் உயிர்நாடி. ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ ஆறும் ஒற்றைக் கட்டை. மற்ற 36உம் இரண்டே கட்டையில் முடிபவை. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை ஒட்டி வைக்கும்போது இடையில் உருவாகும் குறுக்குச் சொற்கள் பெரும்பாலும் இவைதான்.

மா, மீ, மூ, மே, மை, மோ, பா, பூ, பே, பை, போ, தா, தீ, தூ, தே, தை, நா, நீ, நே, நை, நோ, கா, கூ, கை, கோ, வா, வீ, வை, வௌ, சா, சீ, சே, சோ, யா, நொ, து.

இவற்றில் சில இன்றைய வழக்கில் இல்லை. நீங்கள் வைத்திருக்கும் அகராதியில் எவை உள்ளன என்று ஒருமுறை சரிபார்த்துப் பட்டியலில் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள்.

பலகையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை முன்னால் நீட்டுவதும் பிரித்த வகையில்தான் எளிது. அலை இருந்தால் ஒரு மெய் போதும்: கலை, தலை, மலை, வலை. இலை இருந்தால் சிலை, நிலை, விலை. ஆலை இருந்தால் காலை, சாலை, பாலை, மாலை. எதிராளி அலை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது ஒரே கட்டையில் முழுச் சொல்லுக்கும் புள்ளி வாங்கிவிடலாம். நீங்கள் வைக்கும் சொல்லுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், உயிரில் தொடங்கும் சொல்லின் முன்கட்டத்தைத் திறந்து விடும்முன் யோசியுங்கள்.

8. கட்டைகளை நீங்களே செய்வதானால்

கெட்டி அட்டை, தடித்த ஸ்கெட்ச் பேனா, கட்டைகளைப் போட ஒரு துணிப்பை; இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெட்டி எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வேண்டும். மரத்தில் செய்துகொள்ள ஆசை வரும். எத்தனை அ, எத்தனை க் என்ற கணக்கு சரிப்படும்வரை தச்சரிடம் போகாதீர்கள். அந்தக் கணக்கு சில ஆட்டங்களுக்குப் பிறகுதான் நிலைக்கும்.

பிரித்த வகைக்கு 120 கட்டை நல்ல அளவு. அதில் அ 15, உ 10, இ 9, ஆ 6, ஐ 5 என்று வைத்துத் தொடங்குங்கள். ஔ தேவையே இல்லை. மெய்யில் க், ம், த், ப் அதிகம் வேண்டும். ங், ஞ் ஒவ்வொன்று போதும். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை இரண்டு. ஆங்கில ஸ்க்ராபிளில் கையில் ஏழு கட்டை என்பதால் இங்கேயும் ஏழு என்று வைக்கிறார்கள். முழு எழுத்து வகைக்கு ஏழு சரி. பிரித்த வகையில் ஓர் உயிர்மெய்க்கே இரண்டு கட்டை போய்விடுவதால் ஒன்பது வைத்தால்தான் புதியவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டையிலும் எழுத்தின் கீழ்ப்பக்கம் கோடு போட மறக்காதீர்கள்: தலைகீழாகக் கிடக்கும் கட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் வீண் வாதம் வரும்.

9. நேரத்தைப் பங்கிடுங்கள்

ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் போதும். முதல் அரை நிமிடம் குவியல் பிரிக்க. அடுத்த ஒரு நிமிடம் ஒற்றுக்குத் துணை தேட. மிச்சம் பலகையில் இடம் பார்க்க. ஆனால் பலகையைப் பார்ப்பதையே முழுக்கக் கடைசிக்குத் தள்ளி, கிடைத்த நீளமான சொல்லை எங்கும் வைக்க முடியாமல் தவிப்பவர்கள் அதிகம். சொல் தேடும்போதே பலகையில் திறந்திருக்கும் ஒன்றிரண்டு எழுத்துகளைக் கையிலுள்ளவற்றோடு சேர்த்தே நினையுங்கள்.

எதிர்ப்புக்கும் நேரம் வையுங்கள். அகராதி பார்க்க ஒரு நிமிடம். சொல் இல்லையென்றால் வைத்தவர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு சுற்றை இழக்க வேண்டும். இருந்தால் எதிர்த்தவருக்கு ஐந்து புள்ளி குறையும். இந்தத் தண்டனை இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லையும் எதிர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

10. கைபேசிச் செயலியை நம்புவதற்கு முன்

எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைத் தரும் செயலிகளைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; ஆட்டத்தின் நடுவே திறப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். பயிற்சிக்கும் எல்லாம் உதவாது. தமிழ் எழுத்தைக் கணினி உள்ளே வேறு விதமாகச் சேமிக்கிறது. 'மி' நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் ம ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். புள்ளியும் தனிக் குறியீடு. இதைக் கவனிக்காமல் செய்த செயலி எழுத்துகளைக் கலைக்கும்போது குறியைத் தனியே பிய்த்து வேறோர் எழுத்தில் ஒட்டிவிடும். கையில் இல்லாத எழுத்தில் சொல் காட்டும். இருக்கும் சொல்லைக் காட்டாது.

நிறுவியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். 'தமிழ்' என்று தட்டச்சு செய்து எத்தனை எழுத்து என்று காட்டுகிறது எனப் பாருங்கள். மூன்று என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் அப்போதே நீக்கிவிடுங்கள்.